சீப்பில் வராத முடி

2006, ஆகஸ்ட் 19, சனி

ஹாஸ்டலிலிருந்து காசிமேட்டுக்கு வந்ததும் அம்மாவுக்குத் தலை வாரிவிட்டேன். மார்புப் புற்றுநோய்க்கு மூன்று முறை கீமோ ஏற்றிய தலை. கொத்துக் கொத்தாகக் கொட்டியிருக்க வேண்டும். சீப்பில் ஒரு முடிகூட வரவில்லை.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாம்மா?"

அம்மா வாசலைப் பார்த்தாள். வாசலில் வலை பிரித்துக்கொண்டிருந்த அண்ணன்தான் பேசினான்.

"இன்னாத்துக்குப் போவணும்? நீதான் காலேஜ்ல தங்கத்துல மருந்து செஞ்சிக்கினு கீறியே. கட்டிய மட்டும் தேடிப் புடிக்கும்னு சொன்னல்ல? நல்ல வலை வர்றப்ப, கிழிஞ்ச வலைய எவனாவது கடல்ல வுடுவானா?"

நான் சொன்னது ஆராய்ச்சிக்கூடத்து எலிகளின் கதை. கண்ணுக்குத் தெரியாத தங்கத் துகளை அவற்றுக்குத்தான் ஊசியில் ஏற்றினோம். மனிதர்களுக்கு வருமா, வராதா என்பதே தெரியாது என்றும் சொல்லியிருந்தேன்.

ஒவ்வொரு முறையும் போனில் கேட்டேன். "ஏத்திக்கினு வந்துட்டேன், வாந்திதான் பேஜாரு" என்றாள் அம்மா. பின்னாலிருந்து அண்ணியும் ஆமாம் போட்டாள். வராத வாந்திக்கு நான் ஹாஸ்டலில் அழுதுகொண்டிருந்தேன்.

"எங்கிட்ட ஏம்மா மறைச்ச?"

"சொன்னா நீ ஆஸ்பத்திரிக்குப் போவ சொல்லுவ."

அப்படியென்றால் என் மருந்தை நம்பியிருக்கிறார்கள். என்னை நம்பவில்லை.

திங்கட்கிழமை நானே கூட்டிப் போகிறேன். டாக்டர் என்ன சொல்வாரோ. கட்டி இந்நேரம்...

பக்கத்தில் அம்மா தூங்குகிறாள். பின்னல் என் மடியில் கிடக்கிறது. நல்ல கனம்.