தூணில் போட்ட முடிச்சு

ஆஸ்பத்திரி விடுதி, பம்பாய்
12-8-1971

என் அன்புக் கணவருக்குக் கிருஷ்ணவேணி வணங்கி எழுதுவது. நான் சுகம். உங்கள் இருமல் குறைந்ததா? நம் பொற்கொடி வயிறாரச் சாப்பிடுகிறாளா?

உங்கள் கடிதங்களை வரிசையாக வைத்துப் படித்தேன். பொங்கலுக்குக் குழந்தை கிள்ளுகிறாள் என்றீர்கள். சித்திரையில் கடிக்கிறாள் என்றீர்கள். இப்போது தறியில் பாவு இழையையே அறுக்கிறாளாம். "புள்ளைக்குக் கண்ணு பட்டுடுச்சி, அதான் இப்டி பண்ணிக்கினு இருக்குது" என்று உங்கள் அக்கா சொன்னாராம். நான் நம்பவில்லை. நாலு வயதுப் பிள்ளைக்கு மாதத்துக்கு மாதம் மூர்க்கம் ஏறுவானேன்? எதையோ மறைக்கிறீர்கள்.

போன வாரம் வார்டில் ஊசி போடப் போனபோது ஒரு சிறுமி என் கையைக் கடித்துவிட்டாள். சின்னக் காயம்தான், ஆறிவிட்டது. அவள் கணுக்காலில் கயிறு உரசிய தழும்பு இருந்தது. அதைப் பார்த்ததும் நம் வீடு நினைவுக்கு வந்தது.

தறிக்குழியில் விழாமலிருக்கப் பொற்கொடியை இன்னமும் தூணில் கட்டிவைக்கிறீர்களா? எவ்வளவு நேரம்? அக்காவைக் கேட்காமல் நீங்களே எழுதுங்கள். குழந்தையின் பாதத்தைக் காகிதத்தில் வைத்து வரைந்து அனுப்புங்கள், செருப்பு வாங்க வேண்டும்.

டியூட்டி மணி அடித்துவிட்டது. இரண்டு வயதில் அவளை முதன்முதலாகக் கட்டியது நான்தான், என் பழம்புடவையைக் கிழித்து, ஒரு மணி நேரத்துக்கு என்று. அவிழ்த்துவிடுங்கள்.

கிருஷ்ணவேணி