பட்டிப்பொங்கலன்று இருபத்துநான்கு பொட்டு

சண்டைக்காரி இன்றைக்குக் கன்று போட்டுவிட்டாள்! மூன்று முறை நாம்பனாகவே போட்டவள், இந்த முறை பெட்டை! கன்று குடித்து மிஞ்சிய கடும்புப்பாலை, அந்த முதல் மஞ்சள் பாலை, பனங்கட்டியும் ஏலக்காயும் போட்டு அவிக்கிறேன். மில்லிக்கனில் என் வீட்டுக் குசினி முழுக்க வாசம். நீ கண்மூடி இரண்டு வருடம், சிநேகிதி. ஆனாலும் இதை வேறு யாரிடம் சொல்வது?

இந்த மாடு அன்றைக்கே இறைச்சிக்கு லொறியில் ஏறிப் போயிருக்க வேண்டியது. இந்தக் குளிர் தேசத்தில், பிக்கரிங்குக்கு வடக்கே அந்தச் சின்னப் பண்ணையில் நாமிருவரும் பால் கறந்த காலம். பால் மிஞ்சுகிறது, கால்வாசி குறையுங்கள், மாடுகளைக் கழிக்கலாம் என்று பால் சபையிலிருந்து முதலாளிக்குக் கடிதம் வந்தது. பெரிய பண்ணைகளுக்கு அது கொசுக்கடி. அவரிடம் இருந்ததோ இருபத்துநான்கு. ஆறு போனால் மிச்சத்தை வைத்துப் பண்ணை ஓடாது, எல்லாவற்றையும் விற்றுவிட்டுப் போகவேண்டியதுதான். இரண்டு நாள் சரியாகச் சாப்பிடாமல் யோசித்து, ஆறு மாடுகளின் நெற்றியில் சிவப்புச் சாயத்தால் அடையாளம் வைத்தார். அன்றைக்கு நீ லீவு.

மறுநாள் பட்டிப்பொங்கல், மாடுகளுக்குப் பொட்டு வைக்கிற நாள். எனக்கு முன்னமே வந்து அத்தனை மாட்டுக்கும் குங்குமத்தை அப்பியிருந்தாய். வாசலில் லொறி. எதை ஏற்றுவது என்று சாரதி தலையைச் சொறிகிறான்.

"எடி, என்ன வேலை பாத்தாய்!" என்று கத்தினேன்.

"நான் என்னத்தைக் கண்டன்? ஆறுக்கு நீ வைச்சிட்டாய், மிச்சத்துக்கு நான் வைப்பமெண்டு பாத்தன். அந்த ஆறும் வடிவாயில்லை, அதிலயும் கொஞ்சம் பூசினன்."

திரும்ப ஆறைக் காட்டுங்கள் என்றான் சாரதி. முதலாளி வரிசையைப் பார்த்தார். கை எழவில்லை. ஒருமுறை தெரிவு செய்ததே போதும், இன்னொரு முறை என்னால் ஏலாது என்று வைக்கோல் கட்டின் மேல் உட்கார்ந்துவிட்டார். அப்போதுதான் நீ என் முதுகில் இடித்தாய்.

"குறைக்கச் சொன்னது பாலைத்தானே, மாட்டையே? எங்கட ஊரில ஒரு காம்பைக் கன்றுக்கு விடுவமெண்டு அந்தாளுக்குச் சொல்லடி. கன்று குடிச்சால் குறையாதே? கன்றுக்கு வாங்கிற பால்மாக் காசும் மிச்சம்."

எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொன்னேன். பிறந்த அன்றே கன்றைப் பிரித்துவிடுகிற மனுசன் அவர். என்னைப் பார்த்தார், உன்னைப் பார்த்தார், பொட்டுகளைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்து லொறியை வெறுமனே அனுப்பினார். அந்தக் கிழமையே கறவை மெஷினின் நாலு குழாயில் ஒன்றை அடைத்து, அந்தக் காம்பைக் கன்றுக்கு விட்டோம். பண்ணை தப்புமா தப்பாதா என்று வசந்தம் வரைக்கும் நாள் எண்ணினோம். தப்பிவிட்டது!

இன்றும் தொழுவத்தைத் திறந்ததும் எண்ணுகிறேன். இருபத்துநான்கு முடிந்ததும் உன் பெயரைச் சொல்லி இருபத்தைந்து என்பேன். மாட்டோடு சேர்த்து எண்ணுகிறாள் என்று சண்டைக்கு வராதே. பெட்டைக் கன்று நமக்கே, விற்பதில்லை என்று முதலாளி சொல்லிவிட்டார். அதனால் இன்று நீ ஓரிடம் தள்ளிப் போய்விட்டாய். நீ இருபத்தாறு.