மிதுஷாவின் ‘கூல்’

பிரெடெரிசியா

அன்பும் பொறையும் நிறைந்த என் இல்லாள் செல்வமலருக்கு,

முருகன் திருவருளால் நலமே உள்ளேன். உமது முழங்கால் வலி தணிந்ததா?

இந்தப் பனிநாட்டுக் கோயிலில் தேவாரம் ஓதும் என் பணி தையோடு நிறைவுறுகிறது. நம் பேத்தி மிதுஷா எதற்கும் ‘கூல்’ என்பாள். தோசை சுவைத்தாலும் கூல், நான் கடிந்தாலும் கூல். சென்ற வாரம் பனியில் சறுக்கி விழுந்தேன். காயமில்லை, அஞ்ச வேண்டாம். அப்போதும், “கூலா இருங்கோ அப்பப்பா” என்றே தூக்கிவிட்டாள். நிகண்டு கற்ற எனக்கே இச்சொல்லின் பொருள்கள் அடங்கவில்லை.

நேற்று, “தையிலை ஊருக்குப் போறன், பிள்ளை” என்றேன். அதற்கும் “கூல்” என்று சொல்லி வெளியே போனாள். என் மனம் சுருங்கிற்று. சற்றைக்கெல்லாம் சப்பாத்தும் கழற்றாமல் திரும்பி வந்தாள்.

“போறன் எண்டு சொல்லக்கூடாதெண்டு என்னைப் பேசுறது நீங்கள்தானே? போயிட்டு வாறன் எண்டு சொல்லுங்கோ.”

கண்கள் கலங்கியிருந்தன.

மீண்டும் இங்கு வரமாட்டேன் என அறிந்தும், திருமுறை ஓதும் நாவால் அதை எவ்வாறு சொல்வேன்? மூன்றாண்டுகளுக்கு முன் விமான நிலையத்தில் அதே சொல்லை உமக்குத் தந்து வந்தவனல்லவா? அவள் தலையில் கைவைத்தேன்.

ஒன்று வேண்டுவேன். நீர் வறுத்திடித்த மிளகாய்த்தூள் தீர்ந்துவிட்டது. தையில் வருகிறாரே என்று அனுப்பாது விட்டுவிடாதீர். ஆனிவரை போதுமளவு அனுப்பும். கோபியாதீர்.

மாலைப் பூசைக்கு அழைக்கிறார்கள்.

சொன்ன சொல் மறவாத,
ஞானசேகரம்