உப்பு மூட்டைக்கும் புள்ளி வழங்கக் கோரி

அனுப்புநர்:
மேனுஷா தவராசா,
பகுதிநேரப் பார்வையாளர் உதவியாளர்,
ஃபாரஸ்ட் கேட், லண்டன்.

பெறுநர்:
காட்சிப் பொறுப்பதிகாரி,
ஆற்றங்கரைக் கப்பல் காட்சியகம், லண்டன்.

பொருள்: அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காட்சியிலுள்ள ‘முற்றுகையைக் கடந்திடு’ விளையாட்டின் புள்ளிமுறையைத் திருத்துதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. எங்கள் வீட்டில் பல்கலைக்கழகம் சென்ற முதல் ஆள் நான். ஆனாலும் பணியாளர் கூட்டங்களில் பேச வராது. சென்ற கூட்டத்தில் இதைச் சொல்ல எழுந்து, தேநீர் எடுப்பதுபோல் நடந்துவிட்டேன். ஆகவே எழுதுகிறேன்.

2. வட மாநிலக் கடற்படை தென் மாநிலத் துறைமுகங்களை அடைத்ததையும், பிரித்தானியாவில் கட்டிய நீராவிக் கப்பல்கள் நழுவி நுழைந்து, அடிமைகள் பறித்த பஞ்சுடன் திரும்பியதையும் நம் பலகைகள் சரியாகவே சொல்கின்றன. குறை விளையாட்டில்தான். சரக்கின் பெயர் எழுதிய மரக்கட்டைகளை மாதிரிக் கப்பலில் ஏற்ற வேண்டும்; பட்டுக்கும் பிராண்டிக்கும் நிறையப் புள்ளி. உப்புக்கும் மருந்துக்கும் ஒன்றுமில்லை. புள்ளி குறைந்தவரிடம் ‘தோற்றீர்கள்’ என்று உதவியாளர் உரக்க அறிவிக்க வேண்டும்.

3. நேற்று என் தந்தை வந்தார். யாழ்ப்பாணத்துக்குப் பொருள் வரத்து தடைபட்ட காலத்தில், பற்றரி இல்லாமல் சைக்கிளைக் கவிழ்த்து, மிதியைச் சுற்றி டைனமோவில் வானொலி கேட்டவர். அவர் கப்பல் நிறைய உப்பும் மருந்தும் ஏற்றினார். உடன் பணிபுரியும் ஜெஸ்ரின், “அங்கிள், இப்பிடி ஏத்தினால் கப்பல் முதலாளி உங்களை வேலையால நிப்பாட்டிப்போடுவார்” என்று சிரித்தார். “நிப்பாட்டட்டும் பிள்ளை. சனம் பிராண்டியிலயோ சோறு காய்ச்சுறது?” என்றார் தந்தை. அவர் தோற்றுவிட்டதாக நான்தான் அறிவித்தேன். அவர் தலையசைத்துவிட்டு, உப்புக் கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டில் திருப்பி வைத்தார்.

4. விளையாட்டு பொய் சொல்லவில்லை. இலாபம் தரும் சரக்கையே கப்பல் முதலாளிகள் விரும்பினார்கள். அந்த முற்றுகை அடிமைமுறையைக் காத்தவர்களைத் தளர்த்தியது. அதைத் தவறென்று நான் சொல்லவில்லை. ஆனால் இறைச்சியைக் கெடாமல் வைக்க உப்பின்றி அலைந்த வீடுகளும் அந்தக் கரையில் இருந்தன. விளையாடும் பிள்ளைகள் முதலாளியின் கண்ணால் மட்டுமே அந்தக் கரையைப் பார்க்கிறார்கள்.

5. எனவே, பாடசாலைக் குழுக்கள் வருமுன், கரையில் காத்திருந்தவர்கள் வழங்கும் புள்ளி என்று இரண்டாவது கணக்கொன்றைச் சேர்த்துத் தருமாறு வேண்டுகிறேன். அதுவரை, உப்பு ஏற்றியவர்களிடம் ‘தோற்றீர்கள்’ என்று அறிவிக்கும் பணியிலிருந்தாவது என்னை விடுவியுங்கள்.

தந்தை வரும் ஞாயிறும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். மறுபடியும் உப்பைத்தான் ஏற்றுவார்.

தங்கள் பதிலை எதிர்நோக்கும்,
மேனுஷா தவராசா

இடம்: லண்டன்
திகதி: 10.02.2025