டைனமோ கட்டிய வள்ளம்

அத்தான்,

நேற்று உங்கள் பேரன் ஒரு நீளமான அட்டைப்பெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் பிரித்தான். உள்ளே படகு மோட்டார். இடுப்பு உயரத்துக்கு ஒரு குழாய், மேல்முனையில் பிடி, கீழ்முனையில் கறுப்பாக ஓர் உருளை, அதில் சின்ன விசிறி. பேட்டரியில் ஓடுவது. புது ரப்பரும் புது வயருமாக ஒரு வாடை அடித்தது. "தாத்தா, இதெல்லாம் ஒங்களுக்குத்தான் தெரியும்னு அம்மா சொன்னா. எங்கன மாட்டணும்?" என்று கேட்டான். படகின் பின்பலகையில் மாட்டு, விசிறி முழுக்கத் தண்ணீருக்குள் இருக்கட்டும், பேட்டரியைப் பின்னால் வைக்காதே, நடுவில் வை என்று சொன்னேன். சொல்லிவிட்டு உள்ளே போய்க் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன். பையன் பாவம், ஏதோ தப்பாகக் கேட்டுவிட்டோம் என்று நினைத்திருப்பான்.

அவன் உங்களைப் பார்த்ததில்லை. அவன் அம்மாவுக்கே உங்கள் முகம் போட்டோவில் பார்த்த முகம்தான். நீங்கள் போகும்போது அவள் என் அக்காவின் இடுப்பில் கைக்குழந்தையாக இருந்தாள்.

குற்றாலத்தில் சாரல் விழுந்து சிற்றாற்றில் தண்ணீர் வந்துவிட்டால் நம் குளம் கடல் மாதிரிக் கிடக்கும். அப்புறம் உங்களுக்கு வீடு ஞாபகம் இருக்காது. புனலூர்ப் பக்கமிருந்து லாரியில் ஏற்றிவந்த அந்தச் சின்ன மரப்படகை நீங்கள் கடைசிவரை வள்ளம் என்றேதான் சொன்னீர்கள். வலை உங்களுக்குப் பிடிக்காது. நீளமான தூண்டில் கயிற்றை வள்ளத்துக்குப் பின்னால் விட்டு, அலுங்காமல் இழுத்துக்கொண்டே போவீர்கள். விரால் கடிக்கும். சீசனுக்குக் குற்றாலம் பங்களாக்களில் வந்து தங்குகிறவர்களின் சமையல்காரர்கள் உங்கள் விராலுக்காகக் கரையில் காத்து நிற்பார்கள். "வலையப் போட்டு அள்ளுதவனுக்கு மீனு எதுக்கு மாப்ள, குப்பை அள்ளப் போவலாம்லா" என்பீர்கள். அந்த வாய்க்காகவே உங்களோடு பாதிப் பேர் பேசுவதில்லை.

பிறகு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இருமல் என்றீர்கள், சாரல் காற்று என்றீர்கள். கால் வீங்கியபிறகுதான் திருநெல்வேலிக்குக் கூட்டிப்போக முடிந்தது. இருதயத்தில் ஒரு கதவு சரியாக மூடவில்லை என்றார் டாக்டர். மாத்திரை எழுதித் தந்துவிட்டு, "துடுப்பு போடவே கூடாது. போட்டால் ஆள் தங்காது" என்று அக்காவைப் பார்த்துச் சொன்னார்.

அந்தக் கோடை முழுவதும் வீட்டில் இருந்தீர்கள். இருந்தீர்கள் என்றா சொல்வது! ரசத்தில் குற்றம், பாயில் குற்றம், பிள்ளை அழுதால் குற்றம். பிறகு அதுவும் நின்றுபோயிற்று. சுவரைப் பார்த்துப் படுத்துவிட்டீர்கள். கோபத்தை அக்கா தாங்கினாள். அந்தப் படுக்கையைத் தாங்க முடியவில்லை. தென்காசியில் நான் வேலைபார்த்த பஸ் ஷெட்டுக்கே வந்துவிட்டாள். மேஸ்திரி முன்னால், கிரீஸ் தரையில் நின்றுகொண்டு கேட்டாள்.

"ஏலே, நீ பஸ்ஸுக்கெல்லாம் கரண்டு வேல பாக்கெ. துடுப்பு இல்லாம வள்ளம் போவ ஒரு வழி பண்ணித் தாலே. ஒங்கத்தான் இப்பிடியே கெடந்தா செத்துருவாரு."

அவளுக்கு நான் எதையும் இல்லை என்று சொன்னதில்லை. ஆனால் படகுக்கு மோட்டார் வைப்பதை அதுவரை நான் கண்ணால்கூடப் பார்த்ததில்லை. டீசல் இஞ்சின் வைக்கலாமா என்று உங்களிடம் கேட்டேன். சுவரிலிருந்து திரும்பினீர்கள். பல நாளைக்குப் பிறகு உங்கள் முகத்தைப் பார்த்தேன். "அந்தச் சத்தத்துக்கு விராலெல்லாம் செங்கோட்டைக்குப் போயிரும். சத்தமில்லாம ஒண்ணு பாரு" என்றீர்கள். அப்போதே எனக்குப் பாதி உயிர் வந்துவிட்டது.

உங்களுக்கு ஸ்டார்ட்டர் மோட்டார்தான் வேண்டும். "பஸ்ஸயே எழுப்புதது, என் வள்ளத்த இழுக்காதா?" என்று ஒரே பிடிவாதம். அது ஒரு நிமிஷம் பாடுபடத்தான் லாயக்கு, நீங்கள் குளம் முழுக்கச் சுற்ற அது ஆகாது என்று நான் சொன்னால் நீங்கள் கேட்டால்தானே. சரியென்று பழைய ஸ்டார்ட்டர் ஒன்றை மாட்டிக் காட்டினேன். வள்ளம் மூக்கைத் தூக்கிக்கொண்டு பாய்ந்தது. நீங்கள் 'ஆ'வென்று சிரித்தீர்கள். கொஞ்ச தூரம் போவதற்குள் வயர் கொதித்துப் புகை வந்தது, பேட்டரி படுத்துவிட்டது. என்னைத் துடுப்பு போட வைத்து ராஜா மாதிரி உட்கார்ந்து கரைக்கு வந்தீர்கள். "ஒனக்கு வேல தெரியல மாப்ள" என்று பழியும் என்மேல்தான்.

பிறகுதான் டைனமோவுக்கு வந்தோம். பஸ் ஓடும்போது பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றுகிறது அது. தலைகீழாக அதற்கே பேட்டரியிலிருந்து மின்சாரம் கொடுத்தால் மெதுவாகச் சுற்றும். அவசரமே கிடையாது. நமக்கு வேண்டியதும் அதுதான். அதன் அச்சோடு ஒரு நீளக் கம்பியைக் கோத்து, பின்பலகைமேல் இருபக்கமும் திரும்பும்படி சாய்த்துக் கட்டி, திருப்ப ஒரு பிடியும் வைத்து, கம்பியின் முனையில் பித்தளைத் தகட்டில் வெட்டிய விசிறியை வைத்துத் தண்ணீருக்குள் இறக்கினேன். விசிறி சிறிதாக இருந்தால் வள்ளம் நகரவில்லை, பெரிதாக இருந்தால் டைனமோ சுட்டது. வெட்டி வெட்டி ஒன்று அமைந்தது. பேட்டரி பின்னால் இருந்தபோது முன்பக்கம் தூக்கியது. நடுப்பலகைக்குக் கீழே தள்ளியதும் வள்ளம் சமமாக உட்கார்ந்தது.

சுவிட்சுக்குத்தான் சண்டை. அழுத்திப் பிடித்தால் ஓட வேண்டும், விட்டால் நிற்க வேண்டும், மணியடிக்கிற சுவிட்ச் மாதிரி வைக்கிறேன் என்றேன். "ஒரு கை பிடியில, ஒரு கை தூண்டில்ல. சுவிட்ச மூக்கால அமுக்கவா?" என்றீர்கள். நியாயம்தான். வீட்டில் விளக்குக்குப் போடுகிற சுவிட்சையே வைத்தேன். ஒருமுறை போட்டால், அணைக்கிறவரை ஓடும்.

அந்தச் சீசன்தான் அத்தான் நம் எல்லாருக்கும் நல்ல காலம். 'ம்ம்ம்' என்று வாய்க்குள் பாடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவே. கொக்குகூடப் பறக்காது. உங்கள் முகத்தில் நிறம் வந்தது. வாயும் பழையபடி வந்தது. மத்தியானம் அக்கா பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு சோற்றுத்தூக்கோடு கரையில் நிற்பாள். நீங்கள் உடனே வந்துவிட மாட்டீர்கள். கரையோரமாக ஒரு சுற்று வந்து, அவளுக்குக் கையைத் தூக்கிக் காட்டிவிட்டு இன்னொரு சுற்று போவீர்கள். கல்யாணமாகி இத்தனை நாளில் நாலு பேர் பார்க்க நீங்கள் செய்த ஒரே கொஞ்சல் அது. அக்கா திட்டிக்கொண்டே சிரிப்பாள்.

அன்றைக்கு வெயிலும் சாரலும் சேர்ந்து இருந்தது. சார்ஜ் ஏற்றிய பேட்டரியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு நான் கரைக்கு வந்தேன். அக்கா நின்று சிரித்துக்கொண்டிருந்தாள். "பாருலே, ஒங்கத்தானுக்கு இன்னைக்கு வெளாட்டு கூடிப்போச்சு. சோறு ஆறுது, சுத்திக்கிட்டே இருக்காரு" என்றாள். பிள்ளையின் கையைப் பிடித்து ஆட்டி, "அப்பாவுக்குக் காட்டு, காட்டு" என்றாள்.

வள்ளம் வந்தது. தலையில் துண்டு, குனிந்த முகம். என் கண் முதலில் போனது பிடிமேல்தான், நான் செய்த பிடி அல்லவா. அதில் உங்கள் கை இல்லை. கை விட்டால் அந்தக் கம்பி ஒரு பக்கமாகச் சாய்ந்து நிற்கும், வள்ளம் வட்டம் போடும். அது எனக்குத் தெரியும். அக்காவுக்குத் தெரியாது.

துடுப்பு போடுகிறவர் நின்றால் வள்ளமும் நின்றுவிடும். எவ்வளவு பெரிய விஷயம் அது என்று எனக்கு அந்த நிமிஷம்தான் புரிந்தது. சைக்கிளைப் போட்டுவிட்டுத் தண்ணீரில் குதித்தேன். என்னைத் தாண்டிப் போனீர்கள். அடுத்த சுற்றில் வள்ளத்தைப் பிடித்து ஏறினேன். உங்கள் கன்னம் குளிர்ந்துவிட்டிருந்தது. பின்னால் கயிற்றில் ஒரு விரால் இழுபட்டுக்கொண்டே வந்தது. கயிற்றை அறுத்துவிட்டேன். வயரைப் பிடுங்கினேன். அந்தச் சத்தம் நின்றதும்தான் அக்கா கத்தினாள்.

மோட்டார்தான் கொன்றது என்று வீட்டுக்கு வந்தவர்கள் பேசினார்கள். அக்கா எல்லார் முன்னாலும் எழுந்து, "கேட்டது நான். எந்தம்பிய ஒரு வார்த்த சொல்லாதிய. அவரு செவுத்தப் பாத்து சாவல, தண்ணியில இருந்துதான் போனாரு" என்றாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை யாரும் எடுக்கவில்லை. என்னிடம் மட்டும், எல்லாக் காரியமும் முடிந்தபிறகு ஒருநாள் சொன்னாள்.

"மொதச் சுத்துல கையத் தூக்குனாருலே. நல்லாப் பாத்தேன். அடுத்த சுத்துலயும் தூக்குன மாதிரிதான் இருந்துது. அதுக்கப்புறம் நாந்தான் காட்டிக்கிட்டே நின்னேன்."

வயதாகிச் சாகும்வரை அவள் அதைத் திரும்பச் சொல்லவில்லை. இப்போது அவளும் இல்லை. எந்தச் சுற்றில் நீங்கள் போனீர்கள் என்று தெரிந்துகொள்ள இனி எனக்கு வழியில்லை. உங்களை அவள் முன்னால் திரும்பத் திரும்பக் கொண்டுவந்தது என் டைனமோ. அதற்காக அதைக் கும்பிடவா, உடைக்கவா என்று இத்தனை வயதிலும் எனக்குத் தெரியவில்லை அத்தான். தெரிந்தது ஒன்றுதான். பஸ் ஏறுகிற மகளுக்கோ, தெருமுனை திரும்புகிற பேரனுக்கோ நான் கையைத் தூக்கினால், அவர்கள் திரும்பத் தூக்குகிறவரை இறக்குவதில்லை. வீட்டில் கேலி செய்கிறார்கள். கை வலிக்கத்தான் செய்கிறது.