ஒரு மணி நேர ஆறு

செம்பூர்
10-3-2025

மாமாவுக்கு, நமஸ்காரம்.

காலம்பற பதினொண்ணு இருபதுக்கு அந்த ஹிமாச்சல் டேம் ஆபீஸ்லேர்ந்து போன் வந்துது. இருபத்திரண்டாம் தேதி மானசாவோட அஸ்தியைக் கரைக்க, ஒரு மணி நேரம் ஷட்டரைத் தெறந்து ஆத்துல தண்ணி விடறாளாம். நீங்க கேட்டுண்டதா சொன்னா. வியாழக்கிழமை அஞ்சு மணிக்குள்ள நான் சரின்னு சொல்லணுமாம்.

அஞ்சு வருஷம் உங்க பொண்ணு ஆராய்ச்சிக்காக மீன் எண்ணின ஆறு அது. அதைக் குழாய் மாதிரித் தெறந்து மூடுவாளா? வேண்டாம் மாமா.

எதிர்ல பேசினா ரெண்டு பேரும் அழுவோம். அதான் எழுதி, உங்க சின்னவ அம்மு கையில கொடுத்தனுப்பறேன்.

நகுல்


சான்பாடா
11-3-2025

சிரஞ்சீவி மாப்பிள்ளை நகுலுக்கு ஆசீர்வாதம். க்ஷேமம்னு எழுதக் கை வரலை.

அந்த ஆத்துலதான் கரைக்கணும்னு ஆஸ்பத்திரில உன் கையைப் பிடிச்சுண்டு சொன்னவ அவதானே? அணை வந்தப்புறம் அங்கே வெறும் கல்லுதான்னு சொன்னவன் நீதானே? கரண்ட் ஆபீஸ்ல ஆயுசைக் கழிச்சவன், தெரிஞ்ச மனுஷாகிட்டே தலைகுனிஞ்சு கேட்டேன். நாலு மாசமா அந்த அஸ்திச் செம்பு உன் அலமாரில இருக்கு. டேமோட சண்டை போட என் பொண்ணைப் பிடிச்சு வெச்சுக்காதே.

பிரட்டும் டீயும்தான் சாப்பிடறயாமே. மாமி வத்தக்குழம்பு கொடுத்தனுப்பறா.

மகாதேவன்


செம்பூர்
13-3-2025

மாமாவுக்கு, நமஸ்காரம்.

குழம்பு தீர்ந்துடுத்து. காரம் போறலைன்னு மாமிகிட்ட சொல்லுங்கோ.

ஷட்டருக்குக் கன்ட்ரோல் சிஸ்டம் பண்றவன் நான். சொல்றேன், கேளுங்கோ. தண்ணி ஏறினதும், கல்லிடுக்குக் குட்டைல மிச்சம் இருக்கற மீனெல்லாம் கரையோரம் ஏறும். சட்டுனு மூடினா கல்லு நடுவுல மாட்டிண்டு துடிச்சுச் சாகும். இது முட்டை போடற சமயம் வேற. அவ எண்ணினதை அவ பேரைச் சொல்லியே கொல்லணுமா?

இன்னிக்கு டேம் ஆபீஸ்லேர்ந்து மறுபடியும் பேசினா. "ஃபோட்டோக்ராஃபர் வருவார், டீக் ஹை நா, சரிதானே சார்?"ங்கறான். மேல ரெண்டாவது டேம் கட்ட ஏப்ரல்ல ஊர்க்காராகிட்டே கருத்துக் கேக்கற கூட்டம் இருக்கு. என் கையில செம்பு, பின்னாடி பொங்கற தண்ணி. அந்தப் படத்தைக் காட்டி, ஆறு நன்னாத்தானே ஓடறதும்பா. விடமாட்டேன். அவ எண்ணின கணக்கை எடுத்துண்டு நான் அங்கே போய் நிக்கப்போறேன். நீங்களும் வாங்கோ. கோவம் இருந்தா கோவத்தோடயே வாங்கோ.

அவ ஆறுதான் கேட்டா. அது தானா ஓடற அன்னிக்குக் கூட்டிண்டு போறேன். அதுவரைக்கும் என்கிட்டயே இருக்கட்டும்.

இப்போ மணி நாலரை. நான் சரின்னு சொன்னாத்தான் ஷட்டர் தெறப்பா. போனை அணைச்சு வெச்சுட்டேன்.

நகுல்