ஊசி வரைக்கும் இருபத்திரண்டு இன்ச்

மாஸ்டர்,

இன்று காலை கூரியரில் வந்த உறையைப் பிரிக்கக் கத்தரிக்கோல் தேடி, மேசை இழுப்பறையைத் திறந்தேன். முதலில் கைக்குக் கிடைத்தது உங்கள் தையல் அளவு டேப். மஞ்சள் வெளுத்து, எண்கள் பாதி தேய்ந்து, நுனியில் இருக்கிற பித்தளைத் தகடு மட்டும் பளபளவென்று மின்னும் அதே டேப். எடுத்து முகர்ந்தேன். மெஷின் எண்ணெய் வாசம் இன்னும் போகவில்லை. கத்தரிக்கோல் கடைசிவரை கிடைக்கவில்லை, உறையைப் பல்லால் கடித்துத்தான் பிரித்தேன். நீங்கள் இருந்திருந்தால், "இன்னா டாக்டரம்மா, கத்திரிக்கு ஆள் வுடட்டுமா?" என்று கேட்டிருப்பீர்கள்.

நான் டாக்டர் இல்லை, கண் பரிசோதனை சொல்லித்தரும் கல்லூரி ஆசிரியை என்று உங்களிடம் எத்தனை முறை சொல்லியிருப்பேன். "கண்ணாடி எழுதிக் குடுக்குறவங்க டாக்டரம்மாதான்" என்று ஒரே வெட்டாக வெட்டிவிடுவீர்கள்.

உறைக்குள் இருந்தது நம் கட்டுரை. அச்சில் வந்துவிட்டது மாஸ்டர். நீங்கள் விடாப்பிடியாக நின்ற அந்தப் பத்தி, ஒரு வரி குறையாமல் அப்படியே இருக்கிறது. முதலில் அதைத்தான் தேடிப் பார்த்தேன்.

முதல் கண் முகாமை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது. பாண்டி பஜாருக்குப் பின்னால், உங்கள் பழைய கட்டடத்தின் மாடி வராந்தா. இரண்டு பக்கமும் தையல் மெஷின்கள், நடுவில் ஒரு ஆள் ஒருக்களித்துப் போகிற அளவுக்கு வழி. என் மாணவிகள் கயிறு கட்டிய எழுத்து அட்டையோடு வந்தார்கள். கயிற்றின் ஒரு முனை அட்டையில், இன்னொரு முனை கண்ணருகே. புத்தகம் படிக்கிறவர்களுக்கான தூரம் அது, பதினாறு இன்ச். அதை வைத்துச் சோதித்து எல்லாருக்கும் வெள்ளெழுத்துக் கண்ணாடி கொடுத்தோம். கைதட்டல், குரூப் போட்டோ, ரோஸ்மில்க். சில வாரம் கழித்து மாணவிகள் போன் செய்து, கண்ணாடி போடுகிறீர்களா என்று கேட்டார்கள். ஒருவர் விடாமல் "போடறோம்மா, நல்லா கீது" என்றீர்கள். பத்திரிகையின் சமூகப் பணிப் பகுதிக்கு நான் எழுதிக்கொண்டிருந்த கட்டுரையில் 'அனைவரும் பயன்படுத்துகிறார்கள்' என்று எழுதிவிட்டு, ஒரு வாரம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

பிளவுஸில் கை பிடிக்கிறது என்று உங்களிடம் வந்த அன்றுதான் மானம் போயிற்று. நீங்கள் கையை நீட்டி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருந்தீர்கள். கண்ணாடி எங்கே என்று கேட்டேன். பட்டன் டப்பாவைத் திறந்து காட்டினீர்கள். உள்ளே உங்கள் கண்ணாடி, அதன் மேல் ஜெயந்தியின் கண்ணாடி. பக்கத்து மெஷினில் புடவைக்கு ஃபால்ஸ் தைத்துக்கொண்டிருந்த ஜெயந்தி, பாபின் மாட்டுகிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டாள்.

"போன்ல போடறோம்னு சொன்னீங்களே மாஸ்டர்?"

"சும்மா குடுத்தவங்ககிட்ட நல்லா இல்லன்னு எப்டிம்மா சொல்றது? அந்தப் பொண்ணுங்க அவ்ளோ மரியாதையா கேட்டுச்சுங்க. நாங்களும் மரியாதையா சொல்லிட்டோம்."

எனக்குக் கோபம் வந்தது. உங்கள் மேலா என் மேலா என்று தெரியாத கோபம். நீங்கள் அதைக் கண்டுகொள்ளவில்லை. "போட்டுக்கினு தெச்சிப் பாத்தேன் டாக்டரம்மா. ஊசி தெரியணும்னா குனியணும். குனிஞ்சா கழுத்து புடிச்சிக்குது. நிமுந்தா ஊசி மங்குது" என்றீர்கள். கழுத்திலிருந்த டேப்பை உருவி, பித்தளை நுனியைப் புருவத்தோரம் வைத்துக்கொண்டு, மறுமுனையை என்னிடம் நீட்டினீர்கள். "புடிங்க. ஊசி வரைக்கும்."

இருபத்திரண்டு இன்ச்.

கண்ணைப் பற்றி வருடக்கணக்காகப் பாடம் எடுப்பவள் நான். நீங்கள் எங்கே உட்கார்ந்து எதைப் பார்க்கிறீர்கள் என்று கேட்க எனக்குத் தோன்றவே இல்லை. உங்களுக்கு மெஷின் வேலை, நான் கொடுத்தது புத்தகம் படிக்கிற கண்ணாடி. மறுவாரம் நாம் இருவரும் ஒவ்வொரு மெஷினாகப் போய் அளந்தோம். மார்பு, இடுப்பு எழுதுகிற அளவு நோட்டில் ஜெயந்தி 'கண் டு ஊசி' என்று தலைப்புப் போட்டு எழுதினாள். அந்த அளவுக்குக் கண்ணாடி வந்தபின், பட்டன் டப்பாவில் பட்டன் மட்டும்தான் இருந்தது.

இதையெல்லாம் கட்டுரையில் எழுதினேன். துறைத் தலைவர் படித்துவிட்டு, "நம்ம தப்பை நாமே அச்சுல போடணுமா? கண்ணாடி கொடுத்தோம், போட்டுக்கிறாங்க. அதோட முடிங்க" என்றார். கெட்டவர் இல்லை, பயந்தவர். அவர் பயம் எனக்கும் தொற்றியது. அந்தப் பத்தியை நீக்கினேன். நீக்கியதும் கட்டுரை சுருக்கமாக, அழகாகத்தான் இருந்தது. அது போதும் என்று நினைத்தேன், சொல்வதற்கென்ன.

அனுப்புவதற்கு முன் உங்களுக்குத் தமிழில் படித்துக் காட்டினேன். அளந்தது உங்கள் டேப், யோசனையும் உங்களுடையது, அதனால் உங்கள் பெயரும் ஆசிரியர் வரிசையில் இருக்க வேண்டும் என்பதில் மட்டும் நான் உறுதியாக இருந்தேன். காஜா எடுத்தபடியே கேட்டீர்கள். முடிந்ததும் கையை நிறுத்தினீர்கள்.

"மொத கண்ணாடி சரியில்லன்னு பிரிச்சித் தெச்சத சொல்லவே இல்லியே?"

நான் மழுப்பினேன். நீங்கள் குரலை உயர்த்தவில்லை. "வேற ஊர்ல ஒரு டாக்டரம்மா இதப் படிச்சிட்டு, இதே மாதிரி கயிறு கட்டிக்கினு போவாங்க. அங்க கீற டெய்லரும் மரியாதையா போடறேன்னு சொல்லிட்டு டப்பால போட்டு வெப்பான். அப்ப இத எழுதி இன்னா பிரயோஜனம்? அது இல்லன்னா எம் பேரும் வேணாம்" என்றீர்கள்.

வீட்டுக்கு வரும்வரை உங்களைத் திட்டிக்கொண்டே வந்தேன். வந்ததும் அந்தப் பத்தியைத் திரும்பச் சேர்த்தேன். துறைத் தலைவரிடம், என் பெயருக்குக் கீழே போகிற தப்பு, நானே சுமந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். ஒப்புதல் படிவத்தில் நீங்கள் நிதானமாகக் கையெழுத்துப் போட்டீர்கள். 'நிறுவனம்' என்ற கட்டத்தைக் காட்டி என்ன எழுத என்றேன். "மாடி வராந்தான்னு எழுதுங்க" என்று சொல்லிச் சிரித்தீர்கள். தையல் மாஸ்டர், தியாகராய நகர் என்று எழுதினேன்.

அதன்பின் வாரம் தவறாமல் உங்களிடமிருந்து ஒரு வாய்ஸ் மெசேஜ். "கட்டுர இன்னாச்சி டாக்டரம்மா?" பின்னணியில் மெஷின் ஓடும். தீபாவளித் துணியெல்லாம் கொடுத்து முடித்த மறுவாரம் அந்தக் குரல் வரவில்லை, ஜெயந்தியின் போன் வந்தது. காலையில் கடை திறக்கப் படியேறிய நீங்கள், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டீர்களாம். நான் வந்தபோது உங்கள் மெஷினை உறை போட்டு மூடியிருந்தார்கள். "உங்ககிட்டயே இருக்கட்டும் மேடம்" என்று ஜெயந்தி இந்த டேப்பைக் கையில் வைத்தாள். அன்று நான் அழுத அழுகையை இங்கே எழுதப் போவதில்லை. நீங்கள் கேலி செய்வீர்கள்.

அச்சுக்கு முன் கட்டுரையைச் சரிபார்க்கிறவர்களின் கருத்துரை பத்திரிகையிலிருந்து வந்தது அதற்குப் பிறகுதான். தூரத்தை எந்தக் கருவியால் அளந்தீர்கள் என்று ஒருவர் கேட்டிருந்தார். தையற்காரரின் அளவு நாடா என்று எழுதி அனுப்பினேன், அப்படியே ஏற்றுக்கொண்டார். இன்னொருவர் எழுதியதை நான் மூன்று முறை படித்தேன். இந்தக் கட்டுரையிலேயே மிகவும் பயனுள்ள பகுதி, முதல் முயற்சி ஏன் தவறியது என்று சொல்லும் பத்திதான், அதைச் சுருக்க வேண்டாம் என்று எழுதியிருந்தார். துறைத் தலைவருக்கு அதை அப்போதே அனுப்பினேன். மனுஷன் மறுநாள் துறைக் கூட்டத்தில் எழுந்து நின்று சத்தமாக வாசித்தார்.

இன்று மதியம் இதழை எடுத்துக்கொண்டு மாடி வராந்தாவுக்குப் போனேன். எல்லா மெஷினும் நின்றது. எதிர் வரிசை பாய் இதழைக் கையில் வாங்கி முகத்தருகே பிடித்தார். "ஒண்ணும் தெரியலியே."

"கைல புடிச்சா எப்டி தெரியும் பாய்? நம்ம கண்ணாடி மெஷினுக்கு எழுதினதாச்சே. மெஷின் மேல வைங்க" என்றாள் ஜெயந்தி.

உங்கள் மெஷினின் உறையை எடுத்தாள். ஊசிக்குக் கீழே, துணி வைக்கிற இடத்தில் பக்கத்தை விரித்து வைத்தாள். உங்கள் ஸ்டூலில் உட்கார்ந்து, முதுகை நிமிர்த்தி, ஊசியில் நூல் கோப்பதுபோல எழுத்தெழுத்தாகக் கூட்டிப் படித்தாள். என் பெயர். அடுத்தது உங்கள் முழுப் பெயர், அப்பாவின் முதலெழுத்தோடு. எத்தனையோ வருடமாக மாஸ்டர் என்று மட்டுமே கூப்பிட்ட பாய் விழித்தார். "யாருடா அது?"

"நம்ம மாஸ்டரு!"

எழுந்த கைதட்டலில் கீழே புடவைக் கடைக்காரர் மாடிக்கே ஓடிவந்துவிட்டார். ஒவ்வொருவராக அந்த ஸ்டூலில் உட்கார்ந்து, குனியாமல், கழுத்து நோகாமல் உங்கள் பெயரைப் படித்தார்கள். நான் டேப்பை எடுத்து ஜெயந்தியின் புருவத்திலிருந்து உங்கள் பெயர் வரைக்கும் அளந்தேன். ஒரு நூல் பிசகவில்லை.

அடையாறு பஸ்ஸில் ஏறி உட்கார்ந்த பிறகுதான் கவனித்தேன், டேப்பைக் கழுத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருக்கிறேன். எடுக்கவில்லை. நாளை மயிலாப்பூரில் பூக்கட்டுகிறவர்களுக்கு முகாம். கயிறு கட்டிய அட்டையை வெளியே எடுப்பதற்கு முன், கண்ணிலிருந்து நார் வரைக்கும் அளக்க வேண்டும். பக்கத்து சீட்டில் இருந்த அம்மா என் கழுத்தையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"நீங்க டெய்லராம்மா?"

"ஆமாங்க" என்றேன்.

இத்தனை வருடம் நீங்கள் என்னை டாக்டரம்மா ஆக்கி வைத்திருந்தீர்களே மாஸ்டர், கணக்கு நேராகிவிட்டது.